வாரா வாரம் திருந்தும் திருடன்

நான்காம் அத்தியாயம்

முந்தைய மூன்று அத்தியாயங்களைப் படிக்காமல் நேராக இங்கே வந்து குதித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எதையும் தவறவிடவில்லை. அந்த மூன்று அத்தியாயங்களிலும் நாங்கள் கொல்லிமலை ஏறிக்கொண்டுதான் இருந்தோம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். நாமக்கல்லில் பலகை மாட்டித் துப்பறியும் தொழில் நடத்தும் பழனிமுத்து அண்ணன் ஒருவர். அவருடைய உதவியாளன் சின்னுசாமி என்ற நான் இன்னொருவன். போன வருஷம், அதாவது 1937 கடைசி வரைக்கும் நான் நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டிக்கொண்டிருந்தேன். கரூரில் ஒரு நாள் முதலாளி திரையை மடித்துக் கட்டியவர், எங்கள் சம்பளத்தையும் அதற்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார். அண்ணன் என்னை வேலைக்கு எடுத்தது நான் கெட்டிக்காரன் என்பதற்காக அல்ல. எவரிடமும் கூச்சமில்லாமல் பேச்சுக் கொடுப்பேன். அண்ணனோ பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை பேசுவார், அதிலும் ஒன்று இருமலாக இருக்கும்.

மலை மேலிருந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து, அதை நடத்தும் டாக்டரம்மா கடிதம் எழுதியிருந்தார். "இங்கே ஒரு திருட்டு நடக்கிறது. போலீசுக்குச் சொல்ல மனம் வரவில்லை. உடனே வரவும்." அவ்வளவுதான் கடிதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முட்டி கழன்று போய்ச் சேர்ந்தோம்.

சேர்ந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரக்கூட விடவில்லை. நேரே சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"முதல்ல இதைப் பாருங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

அங்கே ஆஸ்பத்திரி ஊழியர்கள் இருபது பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். கம்பவுண்டர், நர்சுகள், கட்டுக் கட்டுபவர், சமையல்காரர், வாசல் பெருக்குகிறவர் எல்லாரும் ஒரே வரிசை. அந்த ஆஸ்பத்திரியில் சம்பளம் பாதி காசு, பாதி அரிசி. மலைப் பள்ளத்து வயல்களில் விளையும் குண்டு அரிசி. வாராவாரம் வெள்ளிக்கிழமை அதை அளந்து கொடுப்பார்கள். அளக்கும்போதே ஒவ்வொருவர் பங்கிலிருந்தும் ஒரு படி அரிசியைத் தனியாக ஒரு மூட்டையில் போட்டுவிடுவார்கள். டாக்டரம்மாவுக்கும் ஒரு படி, பெருக்குகிறவருக்கும் ஒரு படி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த மூட்டை அடிவாரத்தில் புளியஞ்சோலையில் இருக்கும் பிள்ளைகள் விடுதிக்குப் போகிறது. சென்னம்மாள் என்ற மலைக்காரப் பெண்மணி நடத்தும் விடுதி. அங்கே இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லாம் அடிவாரத்துக் குளிர்காய்ச்சலில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவை. அந்தத் தாய் தகப்பன்களில் பாதிப்பேரைக் கட்டிலில் தூக்கி மேலே கொண்டுவந்து இதே ஆஸ்பத்திரியில்தான் படுக்க வைத்தார்கள். பிழைக்கவில்லை. அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை, பிள்ளைகளுக்குச் சோறாவது போடுவோம் என்று ஊழியர்களே கூடிப் பேசி ஆரம்பித்த ஏற்பாடு இது. இரண்டு வருஷமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். நான் பபூன்தான், கல் அல்ல.

அளந்துகொண்டிருந்தவர் குப்புசாமி. துறையூர்ப் பக்கத்துச் சொந்த நிலத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. சாமான் அறைப் பொறுப்புக்கு வந்து ஒரு மாதந்தான் ஆகிறது. படியை அரிசியில் முக்கி எடுத்தார், வலது உள்ளங்கையால் மேலே ஒரு வழி வழித்தார், மூட்டையில் கொட்டினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார். இருபது பெயர், இருபது படி. அத்தனை சுத்தமான வேலை.

"இதுக்கு முந்தி யார் அளந்தாங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"மாணிக்கம்னு ஒருத்தருங்க. இந்த மலைக்காரர்தான், ஆலத்தூர் நாடு. இப்ப வார்டு வேலைக்கு மாறிட்டாரு" என்றார் குப்புசாமி.

"அவர் காலத்துல குறைஞ்சுதா?"

"இல்லீங்க. நான் வந்த முதல் சனிக்கிழமையே குறைஞ்சு போச்சுங்க. புது ஆளுதானே, இவனுக்கு என்ன தெரியப் போவுதுன்னு நினைச்சிருக்கான் அந்தச் செங்கோடன்."

அந்தச் செங்கோடன் யார் என்பதை டாக்டரம்மா சொன்னார். அந்த மூட்டையை மலை இறக்கிக் கொண்டுபோகும் சுமைக்காரன். அவன் ஆஸ்பத்திரி ஊழியன் அல்ல. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன். மருந்துப் பெட்டி, மண்ணெண்ணெய் டின், கண்ணாடிச் சாமான் எல்லாம் அவன் தலையில்தான் மேலே வந்திருக்கின்றன. பாதை போடாத மலையில் சுமைக்காரனுக்குப் பெயர்தான் சொத்து. கெட்ட பெயர் வந்தால், அப்புறம் மலை ஊர்த் தொகுதிகளான பைல் நாட்டிலும் ஆலத்தூர் நாட்டிலும் ஒரு மிளகு மூட்டையைக்கூட அவனை நம்பி யாரும் தூக்கிவிட மாட்டார்கள்.

"போன மூணு வாரமா சென்னம்மாள் குறையுதுன்னு சொல்லி அனுப்புறா" என்றார் டாக்டரம்மா. "முதல் வாரம் பதினேழு படிதான் இருந்துச்சாம். அடுத்த வாரம் பதினெட்டு. போன வாரம் பத்தொன்பது."

நான் யோசித்துப் பார்த்தேன். "ஏனுங்க, இந்தத் திருடன் வாரா வாரம் திருந்திக்கிட்டே வாரான் போலிருக்குதே. இன்னும் ரெண்டு வாரம் விட்டா, கையிலிருந்து போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும் என்னை ஒரு மாதிரி திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். நான் அறியாமல் ஏதோ புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டேன் என்று அர்த்தம்.

"திருந்தலீங்க" என்று குப்புசாமி குறுக்கே வந்தார். "தேறிட்டான். ரெண்டாவது வாரத்திலிருந்து அரிசில சாமை கலந்து வருது. அரிசியை அள்ளிக்கிறான், அந்த இடத்துல சாமையைக் கொட்டிக் கண்ணை மறைக்கிறான். அரிசி விலை என்ன, சாமை விலை என்ன?"

"ஊழியர்கள் முணுமுணுக்கிறாங்க" என்றார் டாக்டரம்மா. "நாம வயித்தைக் கட்டிக் கொடுக்கிறது சுமைக்காரன் வீட்டுக்கா போறதுன்னு கேக்கிறாங்க. நாளைக்குள்ள எனக்கு ஒரு முடிவு வேணும். அவன்தான்னு நீங்க சொல்லிட்டா, அவனை நிறுத்திட்டு வேற ஆளைப் போடணும். எனக்கு அதுல இஷ்டமே இல்லை. என் பெண்ணுக்கு மாந்தம் வந்தப்போ மழையில மருந்து கொண்டுவந்தவன் அவன்."

மூட்டையின் வாயைக் குப்புசாமி கயிற்றால் கட்டினார். முடிச்சின் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்திவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன்.

"அரக்கு வெச்சா, நாளைக்கு ஒண்ணும் நடக்காது" என்றார் அண்ணன். "நடக்கணும்."

மறுநாள் விடிந்ததும் செங்கோடன் வந்தான். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், கால்கள் மட்டும் கடைந்தெடுத்தவை. எங்களைப் பார்த்துக் கும்பிட்டான். யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலை ஒட்டிய திட்டில் மூட்டையை வைத்து, குனிந்து, தானே தலைக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினான். கண்ணில் தூக்கமில்லாதது தெரிந்தது. குற்றமுள்ளவன் முகம் என்றார் குப்புசாமி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு வளைவு தூரம் விட்டு நாங்கள் மூன்று பேர் பின்னால் இறங்கினோம். குப்புசாமியை அண்ணன்தான் கூட வரச்சொன்னார். அரிசி அளக்கும் ஆஸ்பத்திரிப் படியையும் கையோடு எடுத்து வரச்சொன்னார்.

"படி எதுக்குங்க?"

"அங்கே இருக்கிற படி பெரிசா இருந்தா?"

குப்புசாமி நின்றுவிட்டார். நானும் நின்றுவிட்டேன். பெரிய படியால் அளந்தால் இருபது பதினேழாகும். எவனும் திருட வேண்டியதில்லை. இவ்வளவு சுலபமாக வழக்கு முடிந்துவிட்டால் நமக்குக் கூலி கொடுப்பார்களா என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

இறக்கம் நாலு மணி நேரம். அண்ணனுக்கு முட்டி வலி, குடையை ஊன்றி இறங்கினார். குப்புசாமி சமவெளிக்காரர். ஒவ்வொரு கல்லிலும் கால் வைப்பதற்கு முன் அதனிடம் உத்தரவு கேட்டார். எனக்குப் பசி. சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கஞ்சிதான் என்று முந்தின நாளே யாராவது சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரியே இரண்டு வேளைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

செங்கோடன் வழியில் இரண்டு இடத்தில் நின்றான். இடுப்பு உயரப் பாறை பார்த்து மூட்டையை இறக்கி வைத்து, ஓடையில் தண்ணீர் குடித்து, மறுபடியும் தனியாகவே தலைக்கு வாங்கிக்கொண்டு நடந்தான். மூட்டையின் வாயைத் தொடவில்லை. குப்புசாமி ஏமாந்து போனார்.

மூன்றாவது தடவை ஒரு பலாமரத்தடியில் நின்றான். அங்கேயும் அதே உயரப் பாறை. மூட்டையை இறக்கினான். சுற்றும் முற்றும் பார்த்தான். நாங்கள் புதருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டோம். பக்கத்துக் கிளைப்பாதையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு துணி மூட்டையை அணைத்திருந்தாள்.

"அவன் பொண்டாட்டி மாதம்மாள்" என்று குப்புசாமி என் காதில் ஊதினார்.

செங்கோடன் கயிற்றை அவிழ்த்தான். இரண்டு பேரும் மூட்டையின் மேல் குனிந்தார்கள். எங்களுக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. கைகள் போவதும் வருவதும் தெரிந்தன, கையில் என்ன என்பது தெரியவில்லை. குப்புசாமி எழுந்துவிட்டார்.

"கையும் களவுமா இருக்கான். வாங்க, பிடிச்சிரலாம்."

அண்ணன் குடையின் வளைந்த கைப்பிடியால் அவருடைய வேட்டியைக் கொக்கி போட்டு இழுத்து உட்கார வைத்தார்.

"அவன் அரிசியை அள்ளிக் கொடுக்குறானுங்க."

"இல்லே சாமையைக் கொட்டுறான்" என்றேன் நான். "இல்லே ரெண்டும். நீங்க சொன்ன மாதிரியே மாத்துறான்."

"பேசாம பாருங்க" என்றார் அண்ணன்.

செங்கோடன் மறுபடி கயிற்றைக் கட்டினான். மூட்டையைத் தூக்கக் குனிந்தான், நிமிர்ந்தான், மனைவியைக் கூப்பிட்டான். அவள் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவன் நடந்தான். அவள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனாள். அவ்வளவுதான். அண்ணன் எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

புளியஞ்சோலையில் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஓலை வேய்ந்த நீளமான கட்டடம். வாசலில் பிள்ளைகள். மூட்டையைக் கண்டதும் ஆற்றிலிருந்தும் மரத்திலிருந்தும் இன்னும் சில பிள்ளைகள் ஓடி வந்தன. சென்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதுக்காரி, குரல் மட்டும் நூறு பேருக்குப் போதும்.

"வாங்க சாமி. இந்த வாரமும் குறைஞ்சிருந்தா, நான் டாக்டரம்மாகிட்ட நேராவே வந்து கேக்கறதுன்னு இருந்தேன்."

முதலில் அண்ணன் இரண்டு படிகளையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். ஆஸ்பத்திரிப் படியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அதை விடுதிப் படியில் மாற்றினார். ஒரு சொட்டு வழியவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை. இரண்டும் சர்க்கார் கச்சேரி முத்திரை குத்திய ஒரே அளவுப் படிகள்தான். எங்கள் அருமையான துப்பு அந்தத் தண்ணீரோடு முற்றத்தில் போயிற்று.

பிறகு சென்னம்மாள் படியைத் துடைத்துவிட்டு மூட்டையை அளக்க உட்கார்ந்தார். பாயில் கொட்டி, அள்ளி அள்ளிப் படியின் தலையில் கோபுரம் எழும்ப எழும்ப நிறைத்து, ஒன்று, இரண்டு என்று பாட்டாகவே எண்ணினார். பிள்ளைகளும் கூடவே பாடின. நான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருபது" என்று முடித்தார் சென்னம்மாள். "இந்த வாரம் சரியா இருக்குதுங்க."

செங்கோடன் ஒரு பெருமூச்சு விட்டான். தூணில் சாய்ந்து, முதல் தடவையாக முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எங்கே சரியா இருக்குது?" என்று குப்புசாமி ஒரு பிடி அள்ளிக் காட்டினார். "பாருங்க, பாதி சாமை. இன்னிக்குத்தான் ரொம்ப அதிகம். வழியில பொண்டாட்டியும் புருசனும் மூட்டையை அவுத்ததை மூணு பேரு கண்ணால பார்த்தோம். அரிசியை எடுத்துட்டுச் சாமையைப் போட்டிருக்கான். இனி என்ன துப்பு வேணும்?"

செங்கோடன் முகம் வெளுத்துவிட்டது. பார்த்துவிட்டார்கள் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. பிள்ளைகள் சென்னம்மாளை ஒட்டி நின்றுகொண்டன.

"அம்மா, கேழ்வரகு சலிக்கிற சல்லடை இருக்குதா?" என்று அண்ணன் கேட்டார்.

"ரெண்டு இருக்குதுங்க."

"ரெண்டையும் கொண்டாங்க. குண்டு அரிசி மேலே நிற்கும், சாமை கீழே இறங்கிடும்."

அப்புறம் ஒரு மணி நேரம் சலித்தோம். துப்பறியும் தொழில் என்றால் பூதக்கண்ணாடி, துப்பாக்கி என்று கனவு காணும் இளைஞர்கள் கவனிக்கவும். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரிசி சலித்தேன். பிள்ளைகள் மிச்சம் தங்கிய சாமையைக் கையால் பொறுக்கின. கடைசியில் பாயின் இந்தப் பக்கம் வெள்ளை அரிசிக் குவியல், அந்தப் பக்கம் சின்னதாகச் சாமைக் குவியல்.

"குப்புசாமி, இப்ப அரிசியை மட்டும் நீங்களே அளங்க. உங்க படியிலேயே" என்றார் அண்ணன்.

குப்புசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திருட்டை நிரூபிக்கப் போகிற உற்சாகம் அவருக்கு. முக்கி எடுத்தார், உள்ளங்கையால் வழித்தார், கூடையில் கொட்டினார். பத்து வரை கம்பீரமாக எண்ணினார். பதினைந்துக்கு மேல் அவர் குரல் இறங்கியது. பதினேழு வந்தது, குவியல் இன்னும் மீதியிருந்தது. பதினெட்டு. பத்தொன்பது. கடைசிப் படியைப் பாயோடு சேர்த்து வழித்து எடுத்தார். அது விளிம்புக்கு நின்றது.

"இருபது" என்றார் குப்புசாமி. அது அவருக்கே கேட்டிருக்குமோ என்னவோ.

நான் சொன்னேன்: "ஒரு மணி அரிசிகூடப் போகலீங்களே. அப்போ அந்தச் சாமை?"

"அது கூடுதல்" என்றார் அண்ணன். "பலாமரத்தடிக்கு முன்னாடி ரெண்டு தடவை அவன் மூட்டையைத் தனியாத் தூக்கினான். பொண்டாட்டி வந்து போனதுக்கப்புறம் அதே உயரப் பாறையிலிருந்து தனியாத் தூக்க முடியலை. திருடினவன் மூட்டை லேசாயிருக்கணும், சின்னு. இவன் மூட்டை கனமாச்சு."

குப்புசாமி விடவில்லை. நியாயமான ஆள்தான், கணக்குப் புரியாமல் ஒத்துக்கொள்ள மாட்டார். "அதெப்படிங்க? அரிசி மட்டும் இருபது படி. சாமை மூணு படி இருக்கும். மொத்தம் இருபத்திமூணு. ஆனா அம்மா அளந்தப்போ ரெண்டும் சேர்ந்தே இருபதுதானே வந்துச்சு. அந்த மூணு படி எங்கே போச்சு?"

"உங்க கையில இருக்குது" என்றார் அண்ணன்.

குப்புசாமி தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"அம்மா, இதே அரிசியை நீங்க அளங்க."

சென்னம்மாள் அள்ளினார். படி நிறைந்தது. நிறுத்தவில்லை. இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை, தலையில் கோபுரம் எழும்பி, ஒரு மணி உருண்டு விழும்வரை போட்டுவிட்டுத்தான் "ஒண்ணு" என்றார். சாப்பாட்டு நினைப்பில் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டது இதைத்தான். பதினேழில் அரிசி தீர்ந்துவிட்டது.

"என்னங்கம்மா இது?" என்றார் குப்புசாமி. "படின்னா தலை தட்டித்தான் அளக்கோணும். எங்க களத்துல எங்க அப்பா, அவங்க அப்பா எல்லாம் அப்படித்தான். குவிச்சு அளந்தா அது என்ன அளவு?"

"தருமத்துக்கு வந்த அரிசியைத் தலை தட்டறதா?" சென்னம்மாளுக்கு வந்ததே கோபம். "விக்கிறப்போ தட்டுங்க, யாரு வேண்டாம்னா. பிள்ளைங்களுக்குக் கொடுக்கறதைக் கையால வழிச்சு எடுத்துக்குவாங்களா? எங்க மலையில எந்த ஊட்டுலயும் அப்படி அளந்து நான் பார்த்ததில்லீங்க. மாணிக்கம் அண்ணன் ரெண்டு வருசமாக் குவிச்சுத்தான் போட்டாரு. நானும் குவிச்சுத்தான் அளந்தேன். ஒரு நாள் குறைஞ்சுதா?"

"ஆஸ்பத்திரி அரிசிங்க அது. ஒருத்தருக்குக் கூடப் போயிரக்கூடாது, ஒருத்தருக்குக் குறைஞ்சிரக்கூடாதுன்னு..." குப்புசாமி பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை செங்கோடன் பக்கம் போயிற்று.

அண்ணன் இருமினார். வழக்கமாக அத்தோடு நிறுத்திக்கொள்வார். அன்றைக்குப் பேசினார்.

"நீங்க யோக்கியமாத் தட்டி அளந்தீங்க. அவங்க யோக்கியமாக் குவிச்சு அளந்தாங்க. ரெண்டு யோக்கியத்துக்கும் நடுவில மூணு படி தொலைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. நடுவில நடந்தது இவன் ஒருத்தன். பழி இவன் தலையில ஏறிடுச்சு."

எனக்குச் செங்கோடன் மேல்தான் கோபம் வந்தது. "ஏப்பா, நீ எடுக்கலீன்னு உனக்குத் தெரியுமில்ல? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? எதுக்குச் சாமையைக் கொண்டுவந்து கொட்டினே?"

செங்கோடன் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாயிலிருந்த அரிசியைப் பார்த்துத்தான் பேசினான்.

"எடுக்கலீங்க. ஆனா குறைஞ்சுதுன்னு சொன்னாங்களே. ரெண்டு இடத்துல இறக்கி வைக்கறனுங்க. தண்ணி குடிக்கப் போறேன். குரங்கு வந்திருக்கும், இல்லே மூட்டையில எங்கியாச்சும் ஓட்டை இருந்து வழியெல்லாம் சிந்தியிருக்கும்னு நினைச்சேன். மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓட்டை தெரியலை. பாதையில குனிஞ்சு குனிஞ்சு தேடினேன், ஒரு மணி கிடைக்கலை. ஆனா என் தலையில வந்தது குறைஞ்சிருந்தா, நான்தானுங்களே அதுக்குப் பொறுப்பு. பிள்ளைங்க சாப்பாடு. எங்க ஊட்டுல அரிசி இல்லீங்க, சாமைதான் இருந்துச்சு. குறைஞ்சதுக்கு அடுத்த வாரம் ஒரு படி போட்டேன். பத்தலை. அப்புறம் ரெண்டு. இன்னிக்கு மூணு."

"ஊட்டுல என்ன சாப்பிடறீங்க?" என்று சென்னம்மாள் கேட்டார். அவர் குரல் நூறு பேருக்குக் கேட்கும் குரலாக இல்லை.

"மாதம்மாள் காட்டுல வள்ளிக்கிழங்கு தோண்டறாளுங்க. அது போதுமுங்க." பிறகு அவன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துக் கேட்டான். "ஏனுங்க, அப்போ நான் ஒண்ணுமே சிந்தலீங்களா?"

"ஒரு மணிகூடச் சிந்தலை" என்றார் அண்ணன்.

செங்கோடன் அதை நம்பாதவன் மாதிரி குப்புசாமியைப் பார்த்தான். குப்புசாமி தலையை ஆட்டினார். செங்கோடன் தூணடியில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தான். மூன்று வாரமாகத் தலையில் ஏறியிருந்த பழியை அப்போதுதான் இறக்கி வைத்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் அழவும் செய்தான். எனக்கும் இரண்டும் வந்தன, அதை மறைக்க நான் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சென்னம்மாள் சாமையைத் துணியில் கட்டி அவன் முன்னால் வைத்தார். "போன ரெண்டு வாரத்துச் சாமையைப் பிள்ளைங்க தின்னுட்டாங்க. இதையாச்சும் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ கண்ணு."

"அது வேண்டாமுங்க. பிள்ளைங்களுக்குன்னு போட்டாச்சு" என்றான் செங்கோடன். "ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க எல்லாரும் கொடுக்கறப்போ நானும் ஒரு படி கொடுக்கறேன்னு கம்பவுண்டர்கிட்டக் கேட்டேனுங்க, போன வருசம். நீ கூலி ஆளு, உன் பேரு பட்டியல்ல இல்லீன்னுட்டாரு. அதனால இது இருக்கட்டும்."

அண்ணன் கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து டாக்டரம்மாவுக்கு இரண்டு வரி எழுதினார். என்னிடம் காட்டினார். "திருடன் யாருமில்லை. இருபத்தோராவது ஆள் ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார், பெயரைச் சேர்த்துக்கொள்ளவும்." தொழிலில் அவர் எழுதியதிலேயே நீளமான அறிக்கை அது.

சென்னம்மாள் எல்லாருக்கும் இலை போட்டார். செங்கோடன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான்.

"சாப்பிட்டுப் போலாமே" என்றேன்.

"இல்லீங்க. மாதம்மாகிட்டச் சொல்லோணும். மூணு வாரமா அவளும் தூங்கலை. நான் சிந்தலீன்னு சொல்லோணும்."

அவன் முற்றம் தாண்டிப் பாதையில் கால் வைத்துவிட்டான். இலை முன்னால் உட்கார்ந்திருந்த குப்புசாமி சோற்றில் கை வைக்காமல் எழுந்தார். காலையில் இறங்கும்போதே இரண்டு முட்டியும் வீங்கிப் போன மனிதர்.

"செங்கோடா, நில்லு. நானும் வாரேன்."

"நீங்க எதுக்குங்க? ஏத்தமுங்க. பொழுது சாயறதுக்குள்ள உங்களால முடியாது."

"திருடன்னு சொன்னது நான். ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னேன். உங்க ஊட்டுக்கும் அந்தப் பேச்சு வந்திருக்கும். அதை உன் பொண்டாட்டிகிட்ட நான்தான் வந்து மாத்திச் சொல்லோணும்."

செங்கோடன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் ஏறத் தொடங்கினார்கள். நானும் அண்ணனும் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தலையில் சுமை இல்லாத செங்கோடன் வேகமாக ஏறினான். குப்புசாமி கையை முட்டியில் ஊன்றி ஊன்றி ஏறினார். வளைவுக்கு வளைவு செங்கோடன் நின்று, பாறையில் உட்கார்ந்து, அவர் வந்து சேரும் வரை காத்திருந்து, அப்புறம்தான் மேலே போனான்.